மூன்றாவது தடவை

எட்டு வயதுப் பெண்குழந்தை மேல் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நாத்தனார் புதுவீடு கட்டி மூன்று மாடி எழுப்பியபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. எங்கள் தறிக்குடோனில் தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுகிற சபுராவின் மகள் யுஸ்ரா மேல்தான் பொறாமைப்பட்டேன். சும்மா லேசாக இல்லை, வயிறு காந்துகிற அளவுக்கு.

பல்லடத்தில் எங்களுக்கு நாற்பத்தெட்டுத் தறி. வீட்டை ஒட்டிக் குடோன், குடோனை ஒட்டி வேலையாட்களுக்கு வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கடைசி அறையில் சபுராவும் யுஸ்ராவும். சபுராவின் புருஷன் லாரியில் போகிறவர், மாதத்தில் நாலு நாள் ஊரில் இருந்தால் பெரிது. என் மகன் தீபக்கும் யுஸ்ராவும் ஒரே வயது. அவன் வேன் ஏறிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவான், அவள் நடந்து அரசுப் பள்ளிக்குப் போவாள். சாயங்காலம் இரண்டும் எங்கள் களத்தில் சேர்ந்து விளையாடும். அதுவரை எனக்கு அவள் மேல் எந்த நினைப்பும் கிடையாது. சபுராவின் பிள்ளை, அவ்வளவுதான்.

போன ஜனவரியில் தீபக்கின் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை வைத்தார்கள். படிப்பைப் பற்றி இல்லையாம். பிள்ளை காத்திருக்கிறதா, சொன்னதை மனதில் வைத்துச் செய்கிறதா, ஒரு வேலையைத் திட்டம் போட்டு முடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். அதற்கென்று சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். முதலில் பெற்றோருக்குப் படிவம். அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா என்ன படித்திருக்கிறார், வீட்டில் எத்தனை அறை, பிள்ளைக்குத் தனி மேஜை உண்டா, கதைப் புத்தகம் எத்தனை. நான் எம்.காம். என் வீட்டுக்காரர் மோகன்குமார் டெக்ஸ்டைல் டிப்ளமோ. எல்லாக் கேள்விக்கும் மேல் கட்டத்திலேயே டிக் போட்டேன். போடப் போட எனக்கே பெருமையாக இருந்தது. புத்தக எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதினேன்.

பிறகு தீபக்கை உட்கார வைத்தார்கள். நான் மூலையில் ஒரு நாற்காலியில். மேடம் தட்டில் ஒரு சாக்லேட் வைத்து, "இதை இப்பவே சாப்பிடலாம். நான் வெளியே போயிட்டு வர்ற வரைக்கும் தொடாம இருந்தா..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அவன் வாய்க்குள் போய்விட்டது. "இன்னொன்னு எங்கீங்க?" என்று கையையும் நீட்டினான். அடுத்து சீட்டுகள். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும், பாதியில் மேடம் சொன்னதும் வடிவம் பார்த்துப் பிரிக்க வேண்டும். இவன் கடைசிவரை நிறத்தையே பிடித்துக்கொண்டான். "செவப்பு செவப்போடதானுங்க போகோணும்" என்று மேடத்துக்கே பாடம் எடுத்தான். மேடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொதுவா உங்கள மாதிரி வசதியான வீட்டுப் பிள்ளைங்க இதுல நல்லாப் பண்ணுவாங்க" என்றார் மேடம். "பரவாயில்ல, பழக்கத்துல வரும். அவன் வேலைய அவனே செய்யட்டும், விடுங்க."

பழக்கத்தில் வருமாம்! 'உங்கள மாதிரி வீடு' என்ற அந்தச் சொல் ஒரு வாரம் என் காதை விட்டுப் போகவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட வீடு. அப்புறம் என்ன குறை?

அந்த வாரம்தான் நான் யுஸ்ராவைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் அவளும் தீபக்கும் களத்துச் சிமெண்ட் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். பின்னால் நாற்பத்தெட்டுத் தறியும் அடிக்கிற அடியில் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இருடா, மூணு விசில் ஆச்சு" என்று சொல்லிவிட்டு அறைக்கு ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். எந்தக் கட்டத்தில் விட்டாளோ அதே கட்டத்தில், அதே காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தாலும் என் பையனுக்குத் தெரிந்திருக்காது. அவன் அதற்குள் ஒரு ஓணானைத் துரத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தான்.

எனக்கு ஒரு விசில்கூடக் கேட்கவில்லை. இவளுக்கு எப்படி மூன்றும் கேட்டது? சீ, எரிந்தது எனக்கு.

மறுநாள் திருப்பூர் போய் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்து தீபக்கின் அறையில் மாட்டினேன். எழும் நேரம், படிக்கும் நேரம், பை அடுக்கும் நேரம். செய்து முடித்தால் ஒட்டுவதற்குத் தங்க நட்சத்திரம். அவன் முதல் நாளே நட்சத்திரம் முழுவதையும் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, பலகையில் ஒரு பஸ் வரைந்து வைத்தான். நல்ல பஸ், கண்டக்டர் எல்லாம் இருந்தார். நான் அதை அழித்துவிட்டுக் கத்தினேன். காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது அவன் சோபாவில் படுத்திருப்பான், நான் தரையில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் யுஸ்ரா தலை சீவி, பையை மாட்டி, அறையைப் பூட்டிச் சாவியைக் குடோனில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பாள்.

எப்படியாவது அவளிடம் ஒரு கோளாறு கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஒருநாள் சீட்டு எழுதாமல், வாயால் ஏழு சாமான் சொல்லிக் கடைக்கு அனுப்பினேன். இரண்டாவது விட்டுப்போகும், அல்லது ஐந்தாவது விட்டுப்போகும் என்று காத்திருந்தேன். ஏழும் வந்தது. "சோம்பு அந்தக் கடையில பூச்சி புடிச்சிருந்துச்சுங்க ஆன்ட்டி, அக்கட்டச் சின்னாத்தாள் கடையில வாங்கியாந்தேன்" என்றாள். அட, போ!

சபுராவிடம் நேராகவே கேட்டேன். "எப்படி சபுரா புள்ளைய இப்படிப் பழக்குனே?"

"நான் என்னத்தைங்கக்கா பழக்குனேன்?" என்றாள் அவள், பஞ்சு படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மிஷின உட்டுப்போட்டு நான் எந்திரிக்க முடியாதுங்களே. அவதான் பாத்துக்கோணும்."

சொல்லிக் கொடுக்க மனமில்லாமல் மறைக்கிறாள் என்றே நினைத்தேன். குழம்பில் என்ன போட்டாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்களே, அந்த மாதிரி.

இந்த நேரத்தில்தான் அந்த இலவச இடத்தைப் பற்றிய பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் இலவசமாகச் சேர்ப்பார்கள். பத்தாவது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்ந்தெடுப்பது அதே சென்னை மேடம், அதே பரிசோதனை. பெற்றோர் சங்கத்தில் இருக்கிற என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "பிரியா, நம்ம சபுரா புள்ளையச் சொன்னா என்ன?" என்றார்.

"சொல்லுங்க" என்றேன். வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்வது? உள்ளுக்குள் வேறொன்றும் ஓடியது. அந்தப் படிவத்தின் எந்த மேல் கட்டத்திலும் சபுராவால் டிக் போட முடியாது. அங்கே போய் உட்கார்ந்தால் தெரியும், பார்க்கலாம்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். அப்பா ஐந்தாவது, அம்மா எட்டாவது. அறை ஒன்று. கதைப் புத்தகம் இல்லை. "படிக்கத் தனி மேஜை உண்டா?" என்று கேட்டேன். "நூல் கோன் வர்ற அட்டைப் பெட்டியக் கவுத்துப் போட்டு எழுதுவாளுங்க, அத எழுதலாமுங்களா?" என்று கேட்டாள் சபுரா. 'இல்லை' என்று எழுதினேன். அன்று ராத்திரி சபுரா மகளுடைய ஒரே நல்ல பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டதை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். "இந்த ஒன்னு மட்டும் கெடச்சுட்டா, இவ தார் சுத்த வரமாட்டாளுங்கக்கா" என்று மறுநாள் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

காரில் நான்தான் கூட்டிப் போனேன். அதே அறை, தீபக் உட்கார்ந்த அதே நாற்காலி. நான் அதே மூலையில். சீட்டுகளைக் கொடுத்தார்கள். நிறம் பார்த்துப் பிரித்தாள். "இப்ப வடிவம்" என்றார் மேடம். கை ஒரு நொடி நின்றது, பிறகு மாறியது. திரும்ப நிறம். மாறியது. திரும்ப வடிவம். ஒன்றுகூடத் தப்பவில்லை. மேடம் என் பக்கம் திரும்பி, "இந்த வருஷம் பார்த்த பிள்ளைங்கள்ல இவ்வளவு சுத்தமா யாரும் பண்ணல" என்றார்.

யாரும் என்றால் என் பிள்ளையும்தானே. ஜூனில் இவள் மூன்றாம் வகுப்பில் வந்து தீபக்கின் பக்கத்து பெஞ்சில் உட்காருவாள். தினமும் டீச்சர் இவளைப் பார்ப்பார், அப்புறம் அவனைப் பார்ப்பார். பெற்றோர் கூட்டத்தில் சபுரா ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. மேடம் சொல்லி முடிப்பதற்குள் இதெல்லாம் என் கண்முன் வந்து போய்விட்டது. 

மேடம் தட்டில் சாக்லேட்டை வைத்தார். "இப்பவே எடுத்துக்கலாம். நான் வர்ற வரைக்கும் தொடாம இருந்தா ரெண்டு தருவேன். உனக்கு எப்படி வேணும்?"

"வேண்டாமுங்க" என்றாள் யுஸ்ரா.

"ரெண்டும் உனக்குத்தாம்மா. வேணாமா?"

"இல்லீங்க, இருக்கட்டுங்க."

மேடம் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். தாளில் எழுதினார். நான் இருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது: 'செய்ய மறுத்தாள்.'

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அது மறுப்பு இல்லை என்று தெரியும். அடுத்தவர் வீட்டில் எது நீட்டினாலும் முதல் தடவை வேண்டாமுங்க, இரண்டாம் தடவை இருக்கட்டுங்க, மூன்றாவது தடவையும் கேட்டால்தான் கை நீட்ட வேண்டும். முதல் தடவையே வாங்கிக்கொண்டதற்கு என் அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. நானே தீபக்குக்கு அதைப் பழக்கவில்லை, வேண்டியதெல்லாம் கேட்கும் முன்பே கையில் இருந்தது அவனுக்கு. சபுரா பழக்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் கண் சாக்லேட் மேலேயே இருந்தது. எச்சில் விழுங்கியதைக்கூடப் பார்த்தேன். இன்னும் ஒரு தடவை கேளுங்கள் மேடம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

யுஸ்ராவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மேடம் என்னிடம் கேட்டார். "சீட்டுப் பிரிக்கறதுல பிரமாதமாப் பண்ணினா. இதுல ஏன் இப்படி முறுக்கிக்கிறா? இன்னொரு பொண்ணும் இருக்கா, ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். உங்களுக்கு இவளை வீட்ல தெரியுமே. எதையும் முயற்சி பண்ணமாட்டாளா?"

"ஆமாங்க" என்றேன். குரல் என்னவோ நல்லா இனிப்பாகத்தான் வந்தது. "கொஞ்சம் புடிவாதமுங்க. சொன்னாப் புரிஞ்சுக்காது."

"அப்ப சரி, அந்தப் பொண்ணுக்கே எழுதிடறேன்" என்று மேடம் இவள் தாளை அடியில் வைத்தார்.

திரும்பினேன். கதவு திறந்தே இருந்தது. யுஸ்ரா பெஞ்சில் உட்காரவில்லை, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பை மாட்ட ஆரம்பித்தாள்.

வீடு வரை கார் ஓட்டியதில் வழி எதுவும் என் கண்ணில் படவில்லை. பாதியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்ட்டி, சாக்லேட்ட நான் எடுத்திருக்கோணுங்களா?"

"தெரியல கண்ணு" என்றேன்.

சாயங்காலம் வேலை விட்டதும் சபுரா எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். யுஸ்ராவும் பின்னாலேயே வந்தாள். "ஏனுங்கக்கா, புள்ளை எப்படிங்க பண்ணுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான் சரியாப் பண்ணலம்மா" என்றாள் யுஸ்ரா. "மேடம் கேட்டதுக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன். வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்க."

சபுரா பளாரென்று ஒன்று வைத்தாள். "எத்தன தடவ சொல்லியனுப்புனேன், கேட்டதுக்கு வாயத் தொறந்து பதில் சொல்லுன்னு! போச்சா? எல்லாம் போச்சா?"

'நீதானே சொல்லிக் கொடுத்தாய்' என்றுகூட அந்தப் பிள்ளை கேட்கவில்லை. கன்னத்தில் கையைக்கூட வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "விடு சபுரா, சின்னப் புள்ளைதானே" என்றேன். பெரிய மனுஷி.

"நீங்க கார் வெச்சுக் கூட்டிட்டுப் போயி இவ்வளவு செஞ்சீங்க. எங்களுக்குத்தானுங்கக்கா கொடுப்பினை இல்ல" என்று சபுரா அழுதாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை வேன் போன பிறகு, பள்ளிக்குக் கிளம்பிய யுஸ்ராவைக் குடோன் வாசலில் மடக்கினேன். இரவு முழுவதும் தூங்காமல் எனக்குத் தலை வலித்தது. "நான் மேடத்துகிட்டச் சொன்னதக் கேட்டே இல்ல?"

"கேட்டேனுங்க."

"அப்புறம் ஏன் அம்மாகிட்டச் சொல்லல?"

அவள் பையின் வாரைச் சரி செய்தாள். பிறகு, ஒரு கணக்குக்கு விடை சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "சொன்னா அம்மா உங்களோட சண்டைக்கு வரும். சண்டை போட்டா இங்க இருக்க மாட்டோம். அப்பா வர்றதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குதுங்க. ரூம்பு தேடோணும், வேற குடோன் தேடோணும். அதுதானுங்க."

நேற்றுச் சாயங்காலம் அம்மா கேட்பதற்குள்ளேயே இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். அப்போதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், பொறாமைதான் வந்தது. முப்பத்தாறு வயதில் ஒரே ஒரு நிமிஷம் என் வாயைக் கட்ட எனக்குத் தெரியவில்லை. இவள் அம்மாவிடம் கன்னத்தில் அடி வாங்கிக்கொண்டு ராத்திரி முழுவதும் வாயைக் கட்டியிருக்கிறாள். வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தபிறகு நிற்கவே முடியவில்லை.

"இரு, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் மேடத்துக்குப் போன் போட்டேன்.  "நேத்து நான் சொன்னது பொய்யுங்க. அந்தப் புள்ளைக்கு எல்லாம் புரியும். எங்க ஊர்ல மூணு தடவ கேட்டாத்தான் எடுப்பாங்க, அது மரியாதைங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

 "ஏன் சொன்னீங்க?" என்றார் மேடம்.

"பொறாமைங்க" என்றேன்.

"நேத்து சாயந்தரமே கையெழுத்தாகிப் போச்சுங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கும் சொல்லியாச்சு. கோழிப்பண்ணையில வேலை செய்யறவங்க. போன்லயே அழுதாங்க. இப்ப இல்லைன்னு அவங்ககிட்ட நீங்க போய்ச் சொல்றீங்களா?"

"பணம் கட்டியாவது இவளச் சேத்த முடியாதுங்களா? நான் கட்டறேன்."

"மூணாம் வகுப்புல வேற இடமே இல்ல. அடுத்த வருஷம் இவ நாலாம் வகுப்பு, அதுக்கு இந்த இலவச இடம் கிடையாது." "வைக்கிறேங்க" என்று வைத்துவிட்டார்.

வெளியே வந்தேன். சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கு மணி அடித்திருக்கும், அவள் ஒருநாளும் தாமதமாகப் போனவள் இல்லை. குடோனுக்குள் தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன.

"மேடத்துகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். நான் பொய் சொன்னதச் சொல்லிட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குக் கெடைக்குமுங்களா?"

அப்படியானால் இவ்வளவு நேரமும் அதற்காகத்தான் நின்றிருக்கிறாள். நேற்றிலிருந்தே, நான் எப்படியும் சொல்லிவிடுவேன் என்று இருந்திருக்கிறாள்.

"இல்ல கண்ணு. வேற புள்ளைக்குக் குடுத்தது குடுத்ததுதானாம்."

தலையை ஆட்டினாள். சரிங்க என்றாள். பையை ஒரு தடவை ஏற்றிவிட்டுக்கொண்டாள். இரண்டு எட்டு எடுத்து வைத்தாள், அப்புறம் கால் போகவில்லை. வாசலுக்கு வெளியே அடுக்கியிருந்த நூல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, தீபக் அழுவது போலவே, மூக்கு ஒழுக, எட்டு வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதாள். தறிச் சத்தத்தில் அது உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது.

தொடப்போனேன். தோளை இழுத்துக்கொண்டாள். "அம்மா பாத்துருமுங்க, அம்மா பாத்துருமுங்க" என்றாள், அழுகைக்கு நடுவிலேயே. சபுரா தண்ணீர் குடிக்க வெளியே வருகிற நேரம்தான் அது. நான் குடோன் வாசலுக்குப் போய், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, அடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்கக்கா, என்னுங்க?" என்று உள்ளிருந்து வந்தாள் சபுரா, கையில் சொம்போடு.

"ஒன்னுமில்ல சபுரா" என்றேன். "கொஞ்ச நேரம் உள்ளயே இரு."